வேலையை விட்டுவிட்டு ஏழைகளுக்குப் பணிசெய்யும் சபையில் சேர்வது: எதை, எந்த வரிசையில் முடிக்க வேண்டும்?

பங்கு இளையோர் வழிகாட்டி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 32, கத்தோலிக்கர், திருமணம் ஆகவில்லை. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிஎஃப் பணிக்காலம் 9 ஆண்டு 2 மாதம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 40,000 ரூபாய். ஆதரவற்றோரையும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் சகோதரர் சபை ஒன்றில் சேர முடிவெடுத்திருக்கிறார். தனிநபர் கடன் 2.8 லட்சம் பாக்கி. ஏலச்சீட்டு ஒன்று நடக்கிறது, பணத்தை எடுத்துவிட்டார். நண்பர் ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது, விதவை, சர்க்கரை நோய் உண்டு. திருமணமான அக்கா ஒருவர் இருக்கிறார்.

இந்த மாதமே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடலாமா என்கிறார். அழைத்தலைப் பற்றிய ஆன்மிக ஆலோசனைக்கு அருட்தந்தையர் இருக்கிறார்கள். இங்கே எனக்கு வேண்டியது நடைமுறை விவரம்.

பழைய கணக்குப்பிள்ளை

இந்த மாதம் கொடுக்க வேண்டாம். நாலு மாதம் தள்ளச் சொல்லுங்கள். காரணம் வெறும் கணக்குதான்.

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது 9 ஆண்டு 6 மாதம் முடிந்தால் பத்து. ஓய்வூதியக் கணக்குக்கான சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு, அதன்படி 15,000 × 10 ÷ 70, மாதம் சுமார் 2,143 ரூபாய், 58 வயதிலிருந்து சாகும்வரை. சின்னத் தொகைதான். ஆனால் சபையை விட்டு 45 வயதில் வெளியே வர நேர்ந்தால், கையில் நிரந்தரமாக இருக்கப்போவது அது ஒன்றுதான்.

பணிக்கொடையிலும் (கிராஜுவிட்டி) இதே கதை. கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × ஆண்டுகள். இன்று விட்டால் ஒன்பது ஆண்டு: 2,07,692 ரூபாய். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கில் ஏறும் என்பதால், 9 ஆண்டு 6 மாதம் தாண்டியபின் விட்டால் பத்து ஆண்டு: 2,30,769. நாலு மாதத்துக்கு 23,000 ரூபாய் கூடுதல், அந்த நாலு மாதச் சம்பளம் தனி. எல்லையில் நிற்காமல், ஒரு பத்து நாள் தாண்டியே கடைசி வேலை நாளை வைக்கட்டும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாட்கள் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஓய்வூதியக் கணக்கில் அது குறையும்.

பிஎஃப் தொகையை உடனே எடுக்க ஓட வேண்டாம். விட்டுவைத்தாலும் 58 வயதுவரை வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் அந்த வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நிறுவனம் 'வெளியேறிய தேதி'யைப் பிஎஃப் இணையதளத்தில் பதிந்ததா என்று கடைசிச் சம்பளம் வந்த அடுத்த மாதமே பார்க்கட்டும். பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்துத் தாமே பதியலாம். நியமனதாரராக அம்மாவின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா பெயரைக் கொடுத்து அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர்.

கானன் சட்டம் படித்தவள்

கணக்கு ஐயா சொன்னதற்கு முன்னால் நிற்கும் விஷயம் கடன்.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 644-ஆம் சட்டத்தைப் பாருங்கள். அடைக்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவறத்தில், அதாவது துறவற வாக்குறுதிக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில், சேர்க்கக் கூடாது என்று சபைத் தலைவர்களுக்கே அது கட்டளையிடுகிறது. ஆகையால் 2.8 லட்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போவது நடக்கவே கூடாது. பணிக்கொடை முழுவதும் அதற்கே போகும், அதற்கு மேலும் வேண்டும். போகட்டும்.

ஜாமீன் கையெழுத்தும் கடன்தான். நண்பர் மூன்று தவணை கட்டாவிட்டால் வங்கி இவரைத்தான் தேடும், அப்போது இவர் நவதுறவற இல்லத்தில் ஜெபத்தில் இருப்பார். வங்கி ஒப்புக்கொண்டால் வேறொருவரை ஜாமீனாக மாற்றலாம். வாயால் சொன்னால் போதாது, வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் எழுத்தில் வர வேண்டும். இதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும், அதனால் முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

எடுத்த சீட்டும் அப்படியே. மீதித் தவணைகளை மொத்தமாகக் கட்டி முடிப்பது நல்லது. அக்கா பெயருக்கு மாற்றிவிட்டுப் போவது குடும்பத்தில் பிற்பாடு மனக்கசப்புக்கு வழி.

யாரைச் சேர்த்தால் செல்லாது என்பது 643-இல் இருக்கிறது: 17 வயது நிரம்பாதவர், திருமண பந்தம் நீடிப்பவர், வேறொரு சபையின் வார்த்தைப்பாட்டில் (துறவற வாக்குறுதியில்) இருப்பவர், வற்புறுத்தலாலோ பயத்தாலோ ஏமாற்றாலோ நுழைபவர். முன்பு வேறு சபையில் வார்த்தைப்பாடு எடுத்திருந்ததை மறைப்பவரும் இதில் சேருவார்.

சான்றிதழ்கள்: திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணமாகாத நிலை. பெட்டியில் கிடக்கும் பழைய திருமுழுக்குச் சான்றிதழ் உதவாது. திருமணம் நடந்தால் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பார்கள். அதனால் புதிதாக எடுத்த நகல்தான் தனிநிலைக்கும் சாட்சி. பதிவேட்டில் 'சூசை', பள்ளிச் சான்றிதழில் 'ஜோசப்', ஆதாரில் அப்பா பெயர் முன்னால் என்று மூன்று விதமாக இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். ஆதார், பான், பிஎஃப் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளட்டும், நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும் திருத்தங்கள் உண்டு.

வலையை விட்டவன்

மன்னிக்கவும், படிக்கவே மனம் கனக்கிறது. பேதுருவும் அந்திரேயாவும் உடனே வலைகளை விட்டு இயேசுவின் பின்னால் போனார்கள். கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பவன் தகுதியற்றவன் என்று லூக்கா 9-இல் ஆண்டவரே சொல்கிறார். பணிக்கொடைக்கு நாலு மாதம், ஓய்வூதியத்துக்கு நாலு மாதம் என்று கணக்குப் பார்த்தால் எவனும் எப்போதும் கிளம்ப மாட்டான்.

கானன் சட்டம் படித்தவள்

தம்பி, உங்கள் வேகத்தை மதிக்கிறேன். ஆனால் மாற்கு 1:20-ஐயும் சேர்த்துப் படியுங்கள். யாக்கோபும் யோவானும் தந்தை செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுப் போனார்கள். தந்தைக்குக் கைக்கு ஆள் இருந்தது. மாற்கு 7-இல் வரும் 'கொர்பான்' பகுதியையும் பாருங்கள். கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி, பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்! 61 வயது அம்மாவுக்கு இன்சுலினும் வாடகையும் யார் தருவார் என்பது விசுவாசக் குறைவால் எழும் கேள்வி அல்ல. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார் என்று சொன்னதும் அதே லூக்காதான், 14:28.

அன்னை தெரசாவுக்கு டார்ஜிலிங் ரயிலில் அழைப்பு வந்தது 1946 செப்டம்பர் 10. லொரெட்டோ மடத்தை விட்டு வெளியேறியது 1948 ஆகஸ்டில். நடுவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு, பேராயர் அனுமதிக்கும் ரோமை அனுமதிக்கும் காத்திருந்தார். வெளியே வந்ததும் நேரே சேரிக்குப் போகவில்லை, பாட்னாவில் மருத்துவச் சகோதரிகளிடம் நோயாளிப் பராமரிப்பைக் கற்றுக்கொண்டார். தம் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழ்வார்கள் என்ற அவருடைய திட்டத்தை மறுத்ததும் அந்தப் பாட்னா சகோதரிகள்தான். அப்படிச் சாப்பிட்டால் ஏழைகளோடு சேர்ந்து நீங்களும் நோயில் விழுவீர்கள் என்ற அந்த அறிவுரையை அவர் ஏற்றுக்கொண்டார்.

வலையை விட்டவன்

செபதேயுவின் கூலியாட்களை நான் கவனித்ததே இல்லை, அக்கா. நன்றி. அம்மாவுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்பதைக் கணக்கு ஐயாவே சொல்லட்டும்.

பழைய கணக்குப்பிள்ளை

மூன்று வேலை.

ஒன்று, மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு அம்மாவுக்கும் சேர்ந்தே நின்றுவிடும். கடைசி நாளுக்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். இதுவரை ஓடிய காலம் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பில் கழியும். இதை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், சர்க்கரை நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க வைக்க முடியும். மகன் சம்பளம் நின்றபின் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். இதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை.

இரண்டு, மாத வரவு. கடன் அடைத்தபின் பிஎஃப் தொகையிலிருந்து 5 லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அம்மா பெயருக்கு அன்பளிப்பாக மாற்றினால் அவருக்கு வரி கிடையாது. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதிலிருந்து. 2023 ஏப்ரலில் வைத்த 8.2 சதவீதப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10,250 ரூபாய் வரும். மாதம் 3,400-தான், வாடகை வீட்டுக்குப் போதாது. மீதி அக்காவால் முடியுமா என்று உட்கார்ந்து பேச வேண்டும், அக்கா கணவர் முன்னிலையில். 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு ஓர் ஆண்டுக்கு மேல் தாங்காது.

மூன்று, சொத்து. பூர்வீக வீட்டில் பங்கு இருந்தால் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுத இப்போது அவசரப்பட வேண்டாம். ஏன் என்பதைச் சிஸ்டர் சொல்வார் என்று நினைக்கிறேன்.

கானன் சட்டம் படித்தவள்

சிஸ்டர் இல்லை ஐயா, பொதுநிலையினர்தான். சொல்கிறேன்.

ஏழ்மை வார்த்தைப்பாடு என்றதும் முதல் நாளே எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 668-இன்படி, முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தின் நிர்வாகத்தை மட்டும் தாம் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அது அக்காவாக இருக்கலாம். வருமானம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவைக்கலாம், அம்மாவுக்கு என்று எழுதத் தடையில்லை. சொத்து அவர் பெயரிலேயே நிற்கும். உயில் எழுத வேண்டியது கடைசியாக நித்திய (வாழ்நாள் முழுவதற்குமான) வார்த்தைப்பாட்டுக்கு முன், நாட்டுச் சட்டப்படி செல்லும் முறையில்: இரண்டு சாட்சிகள், அந்தச் சாட்சிகளுக்கு உயிலில் எதுவும் எழுதியிருக்கக் கூடாது. கிறிஸ்தவர்கள் அறப்பணிக்கு உயில் எழுதுவதைக் கட்டுப்படுத்திய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவை 2003-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பழைய வக்கீல் குமாஸ்தாக்கள் இன்னும் அதைச் சொல்லிப் பயமுறுத்துவதுண்டு.

கால அட்டவணை: 'வந்து பார்' முகாம், பிறகு ஆஸ்பிரன்ட், போஸ்டுலன்ட் என்ற ஆரம்பப் பயிற்சி நிலைகள் (சபைக்குச் சபை காலம் மாறும்), பிறகு நவதுறவறம். அது குறைந்தது 12 மாதம், இரண்டு ஆண்டைத் தாண்டாது. அந்த 12 மாதத்தில் 15 நாளுக்கு மேல் இல்லத்துக்கு வெளியே இருந்தால் அந்த நாட்களை ஈடுசெய்ய வேண்டும், மூன்று மாதத்தைத் தாண்டினால் நவதுறவறமே செல்லாது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை ஏதாவது நிலுவையில் இருந்தால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அடுத்து தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று முதல் ஆறு ஆண்டு, நீட்டித்தால் ஒன்பதுவரை. மொத்தத்தில் 32 வயதில் நுழைபவர் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு வரும்போது நாற்பதைத் தொட்டிருப்பார். அதுவரை கதவு திறந்தே இருக்கிறது. நவதுறவி எந்த நாளும் சுதந்திரமாக வெளியேறலாம், 653.

இன்னொரு சட்டம், 702. வெளியேறுபவர் தாம் செய்த வேலைக்காகச் சபையிடம் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று சபைக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, தொகை எதுவும் சொல்லப்படவில்லை. சேரும்போதே சேமிப்பைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வது இந்த ஒரு வரிக்காக.

தொண்டு இல்லச் செவிலி

எல்லோரும் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். 32 வயது வரை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு வந்தால் முதல் மூன்று மாதத்தில் இரண்டு விஷயம் அடிக்கும்: இடுப்பு வலி, சிரங்கு.

இடுப்பு வலி வருவது தூக்குவதால். படுக்கையில் கிடப்பவரைத் தூக்கக் கூடாது, விரிப்போடு நகர்த்த வேண்டும். ஒரு பருத்திப் போர்வையை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை நடுவரை வரும்படி அவருக்கு அடியில் போட்டுவைக்கவும். இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவர். ஓரத்தை உடம்புக்கு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் ஒரு முழங்காலைக் கட்டில் மேல் ஊன்றிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றவும். முழுப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழும், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்வு போதும். எல்லோரும் மறப்பது குதிகால். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் காற்றில் நிற்க வேண்டும், உங்கள் விரல் அடியில் தாராளமாக நுழைய வேண்டும். குதிகால் கறுத்துப்போன பிறகு கவனித்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

சிரங்குக்கு: விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்புப் பட்டி இடத்தில் இரவில் கூடும் அரிப்பு. 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம், கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகத்தடியிலும், 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்கவும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இல்லங்களில் இது தோற்பதற்குக் காரணம் ஒன்றே, அரிப்பவருக்கு மட்டும் தடவுவது. அந்த அறையில் இருப்பவர், பார்த்துக்கொள்பவர் எல்லோரும் ஒரே இரவில் தடவ வேண்டும். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கவும், துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கவும். மருந்துக்குப் பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

சேருமுன் மருத்துவரிடம் போய் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை (0, 1, 6 மாதம்), டெட்டனஸ், ஒரு மார்பு எக்ஸ்ரே. தடுப்பூசிக்கே ஆறு மாதம் ஆகிறது. அந்த நாலு மாதக் காத்திருப்பில் முதல் இரண்டு தவணையைப் போட்டுவிடலாம்.

வார இறுதிகளில் போய்ப் பார்த்தது போதாது. வேலையில் இருக்கும்போதே ஈட்டிய விடுப்பில் 15 நாள் தொடர்ச்சியாக அங்கே தங்கி, இரவுப் பணியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மலம் துடைப்பது மூன்றாம் நாளே பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில்: குளிப்பாட்டியவரே முகத்தில் துப்பும்போது, மூன்று வாரம் ஊட்டிவிட்டவர் ஒரு காலையில் இறந்துகிடக்கும்போது, அதற்குப் பிறகும் பத்தரை மணிக் கஞ்சிக்கு நேரம் தவறாமல் நிற்க வேண்டும்.

திருப்பத்தூர்ச் சாலை

கத்தோலிக்கத் துறவறம் மட்டுமே வழி என்பதுபோல் இழை போகிறது. இதைப் படிக்கும் திருமணமானவர்களும் சீர்திருத்தச் சபையினரும் (புராட்டஸ்டன்ட்) இருப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை.

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் 1921-இல் இரண்டு மருத்துவர்கள் தொடங்கியது. ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன் என்றே மக்கள் அழைத்தார்கள். மருத்துவமனை, பிரார்த்தனை, எளிய வாழ்வு எல்லாம் ஒரே வளாகத்தில். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901-இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஐக்கியம் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற விரதத்தோடு நடந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வாழும் லார்ஷ் சமூகத்துக்கு இந்தியாவில் ஆஷா நிகேதன் என்று பெயர், பெங்களூரில் 1970-இல் தொடங்கியது, சென்னையிலும் உண்டு. வார்த்தைப்பாடு கிடையாது.

இப்படிப்பட்ட சமூகங்களில் சேர்பவர் கேட்க வேண்டியது: படித்தொகை எவ்வளவு, நோய் வந்தால் செலவு யாருடையது, பிள்ளைகள் பள்ளிச் செலவு யாருடையது, கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் விலக விரும்பினால் என்ன நடக்கும். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பது விசுவாசம். நிர்வாகக் குழுவின் வாயிலிருந்து அதுவே பதிலாக வந்தால், இன்னும் எழுதி வைக்கவில்லை என்று பொருள். எழுத்தில் கேளுங்கள்.

கானன் சட்டம் படித்தவள்

லார்ஷ் பெயர் வந்ததால் இதைச் சொல்லாமல் விட முடியாது. அதன் நிறுவனர் ழான் வானியே பெண்கள் பலரை ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் பாலியல் ரீதியாகத் துஷ்பிரயோகம் செய்தார் என்று அந்த அமைப்பே விசாரணை நடத்தி 2020-இல் வெளியிட்டது. 2023 அறிக்கை குறைந்தது 25 பெண்களைக் கண்டறிந்தது. தங்கள் நிறுவனரைப் பற்றித் தாங்களே வெளியே சொன்னார்கள் என்பது அந்த அமைப்பில் நான் மதிக்கும் விஷயம். எந்தச் சபையானாலும் கேளுங்கள்: புகார் செய்ய உள்ளே யார், வெளியே யார்? ஆன்ம குருவும் நிர்வாகத் தலைவரும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால் யோசிக்க வேண்டும்.

இல்லத்தின் பதிவுகளையும் பாருங்கள். குழந்தைகள் இருந்தால் சிறார் நீதிச் சட்டம் 2015, மனநோயாளிகள் இருந்தால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதி என்றால் தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டு நிதியை மட்டுமே நம்பியிருக்கும் இல்லமா என்றும் கேளுங்கள். அன்னை தெரசாவின் சபைக்கே 2021 டிசம்பரில் வெளிநாட்டு நிதி பெறும் பதிவின் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு 2022 ஜனவரியில் திரும்பக் கிடைத்தது. சின்ன இல்லத்தால் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அசல் சான்றிதழ்களை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பட்டம், பாஸ்போர்ட், ஆதார் எல்லாம் அக்கா வீட்டில். சபைக்கு நகல் போதும்.

பங்கு இளையோர் வழிகாட்டி

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் படித்துக் காட்டினேன். வங்கிக்குப் போய் ஜாமீன் விடுவிப்பு மனு கொடுத்துவிட்டார். ஒரே கேள்வி: நவதுறவறத்தில் கைப்பேசி கிடையாதாம். பிஎஃப், வங்கி எல்லாம் ஓடிபி கேட்குமே?

பழைய கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்கட்டண எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல், இருப்பும் இல்லாமல் விட்டால் எண் போய்விடும், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆதார், யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்), வங்கி மூன்றும் அந்த எண்ணில் கட்டப்பட்டிருக்கும். அதனால் சிம்மை அம்மாவின் கைப்பேசியில் இரண்டாவது சிம்மாகப் போட்டு, குறைந்த கட்டணத்தில் ரீசார்ஜ் செய்துவர அக்காவிடம் சொல்லட்டும். வங்கிக் கணக்கில் இரண்டு ஆண்டு பரிவர்த்தனை இல்லாவிட்டால் செயலற்றதாக்குவார்கள். அதற்கு அம்மா கணக்குக்கு மாதம் 100 ரூபாய் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு ஒன்று கொடுத்துவிட்டால் போதும். மூன்று ஆண்டுக்கு 3,600 ரூபாயைக் கணக்கில் விட்டுவிட்டுப் போகட்டும்.